வேட்டை நிலத்துக்கு ஏக்கர் 7,500 டாலரா?

டெக்சாஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். வயது 44, ஐ.டி. வேலை, போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்திருக்கிறது. கூட வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, ஹில் கன்ட்ரி என்ற குன்றுப் பகுதியில், கிம்பிள் கவுண்டிப் பக்கம் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) 96 ஏக்கர் வேட்டை நிலம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். நண்பர்களில் ஒருவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. இன்னொருவர் எச்1பி விசாவில் இருக்கிறார். விலை ஏக்கர் 7,500 டாலர், மொத்தம் 7 லட்சத்து 20 ஆயிரம்.

அவரை உறுத்துவது இதுதான்: வேலிக்கு அந்தப் பக்கம் 640 ஏக்கர் பண்ணை ஒன்று ஏக்கர் 3,400க்குக் கைமாறியதாக அங்கே ஜங்ஷன் என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் ஒருவர் சொன்னாராம். அதே மண், அதே மான். "விவரம் தெரியாத இந்தியர்கள் என்று எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்களா?" என்று கேட்கிறார். தரகர் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார். மற்றவர்கள் வந்து வேட்டையாட நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் கடன் தவணையை அதிலேயே கட்டிவிடலாம். எட்டடி வேலி போட்டால் விலை இரட்டிப்பாகும். 'வைல்ட்லைஃப் எக்ஸெம்ப்ஷன்' இருப்பதால் வரி என்று பெரிதாக ஒன்றும் வராது. பாதை பக்கத்துப் பண்ணை வழியாகத்தான், ஆனால் இருபது வருடமாக யாரும் தடுத்ததில்லை. கனிம உரிமையில் பாதியும் கூடவே வரும். கோயம்புத்தூரில் இருக்கும் அப்பாவோ, "மண்ணில் போட்ட காசு எங்கேயும் போகாது, வாங்கு" என்கிறார். கடிதத்தின் கடைசியில் மனைவியின் கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு நானும் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடுகிறேன். 7,500 என்ற எண் மட்டுமே உங்களை ஏமாற்றுவதற்கு அடையாளம் இல்லை. தரகர் உங்களிடம் தவறாகச் சொன்ன விஷயங்கள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு இடத்தில் இருக்கின்றன.

அந்த 3,400 உங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்ரோல் பங்கில் கேட்டது. நம் ஊரில் நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று உண்டு. அது நிஜ விலையாக இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாவது இருக்கும். டெக்சாஸில் அதுவும் கிடையாது. விற்ற விலையை அரசுக்கோ கவுண்டிக்கோ சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இந்த மாநிலத்தில் இல்லை. பதிவாகும் பத்திரத்தில் பெரும்பாலும் "பத்து டாலரும் இதர மதிப்புள்ள பிரதிபலனும்" என்றுதான் எழுதியிருக்கும். அதனால் ஊர்வாயில் வரும் விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். அந்தப் பகுதியில் பண்ணை நிலம் மட்டுமே பார்க்கும் மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடியுங்கள். அவர்களிடம்தான் உண்மையான விற்பனைக் கணக்கு இருக்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ரியல் எஸ்டேட் ஆய்வு மையம் வட்டாரவாரியாகக் கிராமப்புற நில விலையை வெளியிடுகிறது. பொதுவான போக்கைப் பார்க்க அது போதும், உங்கள் 96 ஏக்கருக்கு விலை சொல்ல அது போதாது.

சரி, 3,400 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டும் ஒரே சரக்கு இல்லை. 640 ஏக்கரை 3,400 வீதம் வாங்க 21 லட்சத்து 76 ஆயிரம் டாலர் வேண்டும். அந்தத் தொகைக்குக் காசோலை எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? 7 லட்சத்துக்கு எழுதக்கூடியவர்கள், அதுவும் மூன்று பேர் சேர்ந்து எழுதக்கூடியவர்கள், ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தோப்பாக வாங்கினால் ஏக்கர் கணக்கு, பிரித்து விற்றால் சென்ட் கணக்கு என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியாததா? இங்கேயும் அதேதான். பெரிய பண்ணையை வாங்கி, நடுவில் சரளைப் பாதை போட்டு, மின்கம்பம் நட்டு, 50 ஏக்கரும் 100 ஏக்கருமாக வெட்டி விற்பவர்களின் லாபமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மானை வைத்து விலை வருவதில்லை

தரகர் உங்களுக்குக் கேமராவில் பதிவான பன்னிரண்டு முனைக் கொம்பு மானின் படத்தை அனுப்பியிருக்கிறார். அழகான மான்தான். ஆனால் அது உங்களுக்கு விற்கப்படவில்லை, விற்கவும் முடியாது. டெக்சாஸ் சட்டப்படி காட்டு மான் மாநில மக்களுக்குச் சொந்தம், நிலத்துக்காரருக்கு இல்லை. உங்களுக்குக் கிடைப்பது நிலத்துக்குள் நுழையவிடும், நுழையவிடாமலிருக்கும் உரிமை மட்டும். மாநிலத்தில் சுமார் 95 சதவீத நிலம் தனியார் கையில் இருப்பதால் அந்த ஒற்றை உரிமைக்கே இவ்வளவு விலை. வடக்கிலும் மேற்கிலும் பல மாநிலங்களில் அரசுக் காட்டில் போய் வேட்டையாடலாம். இங்கே வேட்டைக்காரன் யாராவது ஒருவருடைய கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. வளர்ந்த ஆண் வெள்ளைவால் மான் ஒன்று சுற்றித் திரியும் பரப்பு பல நூறு ஏக்கர். உங்கள் 96 ஏக்கர் அதற்கு ஒரு தாழ்வாரம். அந்தப் பன்னிரண்டு முனைக்காரன் பகல் முழுக்க அந்த 640 ஏக்கரில் படுத்திருந்துவிட்டு, இரவில் உங்கள் தரகர் கொட்டிய சோளத்தைத் தின்ன வந்திருப்பான். ஆகவே மானைப் பொறுத்தவரை உங்கள் நிலத்தின் தரம் என்பது பக்கத்து நிலக்காரரின் பழக்கம். அவர் இளங்கொம்பு மான்களை விட்டுவைத்து வளர்ப்பவராக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பத்துப் பேருக்குக் குத்தகை விட்டுக் கண்ணில் பட்டதையெல்லாம் சுடுபவராக இருந்தால் நீங்கள் எவ்வளவு சோளம் போட்டாலும் பயனில்லை. சின்ன நிலக்காரர்கள் சேர்ந்து வனவிலங்கு மேலாண்மைக் கூட்டமைப்பு நடத்தும் பகுதிகள் இருக்கின்றன. உங்கள் நிலம் அப்படி ஒன்றில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேமரா படத்தைவிட அதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

விலையை உண்மையில் ஏற்றுவது என்ன? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடித்துக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதுதான் முதல் கணக்கு. ஜங்ஷன், இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலை மேல் இருக்கிறது. சான் அன்டோனியோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். உங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் கூடுதல். இதே ஓக் மரம், இதே சுண்ணாம்புப் பாறை இன்னும் இரண்டு மணி நேரம் மேற்கே போனால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அங்கேயும் மான் உண்டு, ஆனால் வார இறுதிக்கு வந்து போக முடியாது. வேட்டை நிலத்தின் விலையைப் பெரும்பாலும் நகரத்துச் சம்பளமும் நகரத்திலிருந்து உள்ள தூரமும் சேர்ந்துதான் போடுகின்றன. 2020க்குப் பிறகு வட்டி குறைந்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று ஆனதும் இந்தப் பக்கம் விலை பாய்ந்தது அதனால்தான். 2022 கடைசியில் வட்டி ஏறியபோது வாங்குபவர்கள் குறைந்தார்கள், ஆனால் கேட்கும் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. கடன் இல்லாமல் நிலம் வைத்திருப்பவர் அவசரமாக விற்க மாட்டார், காத்திருப்பார். விற்பவர் எப்போது வாங்கினார், ஏன் விற்கிறார் என்று விசாரித்தீர்களா? அதில்தான் உங்கள் பேரத்துக்கான இடம் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். வருடம் முழுக்க ஓடும் ஊற்றோ ஆறோ இருந்தால் விலை ஒரேயடியாகத் தாவும். லானோ ஆற்றங்கரை நிலங்களைப் பார்த்தால் தெரியும். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் இருப்பது மழைக்கு மட்டும் ஓடும் ஓடை. அதைத் தரகர் 'கிரீக்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அதற்கு ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பிற்பாடு ஆற்றங்கரை நிலத்துக்கு ஆசைப்பட்டால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: சராசரி முப்பதடி அகலம் உள்ள ஆறு சட்டத்தின் கண்ணில் போக்குவரத்துக்குரிய ஆறு. படகில் வருபவரை நீங்கள் தடுக்க முடியாது. வெள்ள வரைபடத்தையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2025 ஜூலை 4 அன்று பக்கத்து கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு விடியும் முன் ஏறி வந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கிணற்றுத் தண்ணீருக்கு இங்கே 1904ஆம் ஆண்டு டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பழைய விதிதான் அடிப்படை: தன் நிலத்தில் தோண்டி எடுப்பவனுக்குத் தண்ணீர். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆழமாகத் துளை போட்டு உங்கள் கிணற்றை வற்றவைத்தாலும் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. நிலத்தடி நீர் மாவட்டங்களின் அனுமதி விதிகள் மட்டும்தான் கொஞ்சம் கட்டுப்பாடு. அங்கே இருக்கும் கிணறு எவ்வளவு ஆழம், நிமிடத்துக்கு எத்தனை காலன் என்று ஆகஸ்ட் மாத அளவைக் கேளுங்கள். மழைக்காலத்து அளவு எதற்கும் ஆகாது.

ஓக் மரங்களையும் நின்று பாருங்கள். ஹில் கன்ட்ரியில் ஓக் வாடல் நோய் ஒன்று வேர் வழியாக மரத்துக்கு மரம் பரவும். நிலத்தின் பாதி அழகும் மானின் தீனியும் அந்த மரங்கள்தான். வட்டமாக ஒரு திட்டு பட்டுப்போய் நின்றால் அடுத்த வருடம் அந்த வட்டம் பெரிதாகும்.

பாதைதான் எனக்குப் பெரிய கவலை

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன இடம் இது. நான் இங்கே ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

"இருபது வருடமாக யாரும் தடுத்ததில்லை" என்பது பாதை உரிமை இல்லை, அது பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல குணம். அனுமதியோடு நடந்த பாதை எத்தனை வருடம் ஆனாலும் உரிமையாக மாறாது. நிலச்சொந்தக்காரரும் சேர்ந்தே பயன்படுத்திய பாதையில், அவர் அனுமதி இல்லாமலே எங்கள் உரிமையாக அனுபவித்தோம் என்று டெக்சாஸ் நீதிமன்றத்தில் நிரூபிப்பது அநேகமாக நடக்காத காரியம். இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து பிரிந்திருந்தால், அப்போதே இந்த வழியில்லாமல் போக முடியாது என்ற நிலை இருந்திருந்தால், அவசியத்தின் பேரில் பாதை கேட்கலாம். ஆனால் அதற்கு வழக்கு, வருடங்கள், செலவு.

என்னிடம் வந்த ஒரு தம்பதி இப்படித்தான் வாங்கியிருந்தார்கள். ஆறு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. வழி விட்ட பெரியவர் இறந்தார். வாரிசுகள் நிலத்தை விற்றார்கள். புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். அவர் மேல் சட்டப்படி தப்பு சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை. கடைசியில் பாதை உரிமையை அவரிடமே விலை பேசி வாங்கினோம். என்ன விலை என்று சொல்ல மாட்டேன், அந்தத் தம்பதிக்கு அதை நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறது.

நீங்கள் சொன்ன அந்த 640 ஏக்கர் இப்போதுதான் கைமாறியிருக்கிறது என்கிறீர்கள். உங்கள் பாதை அதன் வழியாகத்தானே போகிறது? அப்படியானால் இருபது வருடம் தடுக்காத மனிதர் இப்போது அங்கே இல்லை.

எழுதிப் பதிவு செய்த பாதைப் பத்திரம் இல்லாத நிலத்துக்குக் கடன் கிடைப்பது கஷ்டம், மறுபடி விற்பது அதைவிடக் கஷ்டம். பத்திரம் இருந்தாலும் வாசகத்தைப் படிக்க வேண்டும். எத்தனை அடி அகலம், மின்கம்பி கொண்டுபோகலாமா, நீங்கள் அழைத்து வரும் விருந்தாளியும் குத்தகைக்காரரும் போகலாமா, நிலத்தைப் பிரித்தால் இரண்டு பங்குக்கும் வழி உண்டா என்று நான்கும் தெரிய வேண்டும். "குடும்பத்தார் பயன்பாட்டுக்கு" என்று எழுதிய பத்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து வேட்டைக் குத்தகை விட முடியாது. உங்கள் 7,500 சரியான விலையா என்று கேட்டால், பாதை பதிவாகியிருந்தால் பேசித் தீர்க்கக்கூடிய விலை, பதிவாகாவிட்டால் 4,000க்கும் நான் யோசிப்பேன்.

குத்தகைக் கணக்கு

தரகர் சொன்னதிலேயே பெரிய புளுகு இதுதான். ஹில் கன்ட்ரியில் சாதாரண வேட்டைக் குத்தகை வருடத்துக்கு ஏக்கருக்குப் பதினைந்து டாலர் என்று போடுங்கள். தாராளமாகவே இருபத்தைந்து போடுங்கள். 96 ஏக்கருக்கு 1,440இலிருந்து 2,400 டாலர். இருபது சதவீதம் கையிலிருந்து போட்டால் மிச்சம் 5 லட்சத்து 76 ஆயிரம் கடன். ஏழரை சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டி மட்டும் ஏறத்தாழ 43,000. குத்தகைப் பணம் சோளத்துக்கும் காப்பீட்டுக்கும் கேட் ரிப்பேருக்கும் போதுமானாலே பெரிய விஷயம்.

காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விட்டால் மாநிலத்தின் குத்தகை உரிமமும் எடுக்க வேண்டும். பரண் உடைந்து ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்று காப்பீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

வேட்டையால் வரும் வருமானத்தை வைத்து இந்த நிலங்களுக்கு விலை போடப்படுவதில்லை, போட்டால் ஏக்கர் சில நூறு டாலர்தான் வரும். மிச்சமெல்லாம் ஆசைக்கு மக்கள் கொடுக்கும் விலை. அதில் தவறில்லை. பிள்ளைகளோடு நெருப்பு மூட்டி உட்கார ஒரு இடம் வேண்டும் என்று வாங்குங்கள், மனநிறைவாக இருக்கும். முதலீடு என்று வாங்காதீர்கள். அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: 1980களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்து கடன் சங்கங்கள் வரிசையாகத் திவாலானபோது டெக்சாஸ் கிராமப்புற நிலமும் விழுந்தது, எழுந்துகொள்ளப் பல வருடம் ஆனது. மண் எங்கேயும் போகாதுதான். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்கிறபோது வாங்க ஆளும் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

எட்டடி வேலியும் புள்ளிமானும்

96 ஏக்கரைச் சுற்ற ஒன்றரை மைலுக்கு மேல் வேலி வேண்டும். உயர வேலிக்கு மைலுக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். அவ்வளவு செலவு செய்து அடைத்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளைவால் மான் அப்போதும் மாநிலத்துக்கே சொந்தம். ஆயிரம் இரண்டாயிரம் ஏக்கர் பண்ணைக்கு உயர வேலி மதிப்பைக் கூட்டலாம். சின்ன நிலத்தில் அது வெளியிலிருந்து வரும் மானையும் தடுத்துவிடும், வேலி பிடிக்காத வாங்குபவரையும் தடுத்துவிடும்.

வேலி போட்டால் புள்ளிமான் வளர்க்கலாம் என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் கிண்டியில் நிற்கும் அதே புள்ளிமான்தான். 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று ஹில் கன்ட்ரி முழுக்க வேலிக்கு வெளியிலும் திரிகிறது. அயல் விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவம் என்ற வரம்பு கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைத் தொட்டால் சிறை, இங்கே அதற்குக் கட்டணப் பட்டியல். வேட்டைக்கு ஆள் பிடித்து, தங்க இடமும் கொடுத்து ஒரு மானுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது முழு நேரத் தொழில், வார இறுதிக்காரர்களுக்கு ஆகாது.

மான் பண்ணைகளில் பரவும் சிடபிள்யூடி என்ற மூளை நோயையும் கேட்டு வையுங்கள். 2012இல் டெக்சாஸின் மேற்கு மூலையில் காட்டு மானில் கண்டார்கள், 2015இல் மெடினா கவுண்டியில் ஒரு வளர்ப்புப் பண்ணையில் கண்டார்கள். நோய் தென்பட்ட இடத்தைச் சுற்றி மானை இடம் மாற்றவும் விற்கவும் கட்டுப்பாடு வரும். அருகில் வளர்ப்புப் பண்ணை இருக்கிறதா என்று பாருங்கள்.

வரியும் கனிமமும்

'எக்ஸெம்ப்ஷன்' என்ற வார்த்தையே தவறு. அது விலக்கு இல்லை, நிலத்தைச் சந்தை விலைக்குப் பதிலாக அதன் விவசாய வருமானத்தை வைத்து மதிப்பிடும் சலுகை. 1995இல் அரசியலமைப்புத் திருத்தம் மூலம் வனவிலங்கு மேலாண்மைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நிலத்தோடு தானாக வராது. உடைமை மாறினால் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மே 1க்கு முன். இந்த மண்ணின் சொந்த விலங்குகளுக்காகச் செய்வதுதான் கணக்கில் வரும், புள்ளிமானுக்குப் போட்ட சோளம் செல்லாது. பின்னாளில் வீட்டு மனை போலப் பயன்பாட்டை மாற்றினால் கடந்த மூன்று வருட வரி வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

கனிமத்தில் 'பாதி' என்றால் எதில் பாதி? விற்பவரிடம் நாலில் ஒரு பங்கே இருந்து அதில் பாதி கொடுத்தால் உங்களுக்கு எட்டில் ஒன்று. டெக்சாஸில் கனிம உரிமைதான் மேல், மேல்மண் உரிமை அதற்குக் கீழ். எண்ணெய் எடுக்க வருபவர் நியாயமான அளவுக்கு உங்கள் நிலத்தைப் பயன்படுத்தலாம். கிம்பிள் பக்கம் மேற்கே பெர்மியன், தெற்கே ஈகிள் ஃபோர்ட் ஆகிய எண்ணெய் வயல்களைப் போலத் துளை போட வரிசையில் யாரும் நிற்கவில்லை. ஆகவே அந்தப் பாதிக்காக விலையை உயர்த்தவும் வேண்டாம், அதை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். மேல்பரப்பைத் தொடமாட்டோம் என்ற ஒப்புதல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று நண்பர்கள், மூன்று நிலைமைகள்

டெக்சாஸில் வெளிநாட்டவர் நிலம் வாங்கவே முடியாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம் சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா ஆகியவற்றைக் குறிவைத்தது. இந்தியா அதில் இல்லை.

ஆனால் யாரும் உங்களுக்குச் சொல்லாத வேறு ஒன்று இருக்கிறது. 1978ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்றின்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மேய்ச்சல் நிலமும் அதில் சேரும். எல்எல்சி என்ற சிறு கூட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கினாலும், அதில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ அப்படிப்பட்டவரிடம் இருந்தால் எல்எல்சியே தெரிவிக்க வேண்டும். உங்கள் எச்1பி நண்பருக்கு மூன்றில் ஒரு பங்கு. தெரிவிக்காமல் விட்டால் அபராதம் அந்தப் பங்கின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். ஒரு படிவம், அவ்வளவுதான் வேலை.

அவருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. உரிமம் கையில் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியை ஒரு நிமிடம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளக்கூட வேண்டாம். குத்தகைப் பணத்தில் பங்கு வருவது வேறு, அவரே நின்று வேட்டைக்காரர்களை நடத்திக் காசு வாங்குவது வேறு. பின்னது, விசாவுக்குப் புறம்பாக வேலை பார்த்ததாக ஆகிவிடும். குடியேற்ற வழக்கறிஞரிடம் அவர் தனியாகப் பேசட்டும்.

மூன்று பேர் பெயரிலும் நேரடியாகப் பத்திரம் போட்டால், எந்த ஒருவரும் எந்த நாளும் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம். எல்எல்சி ஆக்கி, ஒருவர் விலக நினைத்தால் மற்றவர்கள் எந்த விலைக்கு, எத்தனை மாதத்தில் வாங்குவது என்று இப்போதே எழுதுங்கள். நட்பு நன்றாக இருக்கும் காலத்தில்தான் இதை எழுத முடியும். ஒருவருக்கு வேலை போய், விசாக்காரருக்கு உள்ள அறுபது நாள் கெடுவில் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், காரணம் சொல்லாமல் விலகும் உரிமைக்கான கெடுவை முப்பது நாளாவது கேளுங்கள். அதற்குத் தனியாக ஒரு சிறு தொகை கொடுப்பீர்கள், கொடுக்கலாம். அந்த முப்பது நாளில் நில அளவை, பாதைப் பத்திரம், கிணற்றுச் சோதனை, மதிப்பீட்டாளர் அறிக்கை நான்கும் வந்துவிட வேண்டும். பாதைப் பத்திரம் வராவிட்டால் மற்ற மூன்றுக்கும் செலவு செய்யாமல் விலகிவிடுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. "ஒரு மானைக்கூடச் சுடாமல் அந்த நிலத்தை வைத்திருக்க முடியுமா? வரி ஏறிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும், அம்மா. விவசாய மதிப்பீட்டில் இருந்த நிலத்தை வனவிலங்கு மேலாண்மைக்கு மாற்ற, சட்டம் சொல்லும் ஏழு வேலைகளில் மூன்றையாவது செய்தால் போதும்: வாழிடத்தைச் சீர்படுத்துவது, மண் அரிப்பைத் தடுப்பது, கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்துவது, தண்ணீர் வைப்பது, தீனி வைப்பது, தங்குமிடம் அமைப்பது, விலங்குகளைக் கணக்கெடுப்பது. வேட்டையாடுவது அந்தப் பட்டியலிலேயே இல்லை. சொந்த மண்ணின் பறவைகளுக்காகவும் இதைச் செய்யலாம். ஒரு தண்ணீர்த் தொட்டி, சில பறவைக் கூண்டுகள், கோடை இரவில் டார்ச் விளக்கோடு வண்டியில் மெதுவாகப் போய் எண்ணி எழுதி வைக்கும் ஒரு நோட்டு. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், கவுண்டி மதிப்பீட்டு அலுவலகம் கேட்கும்.